வீட்டு ஆளுக்குப் பழைய பேட்

ஐரின் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாசமெல்லாம் அதற்குப் பிறகுதான். சாயங்காலம் காலேஜ் பஸ்ஸில் அவருக்காக ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பேன். "நீ உள்ள உக்காரு ஜெயா, எனக்குக் காத்து ஒத்துக்காது" என்று என்னை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு நடைவழி ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். சித்திரை மாதத்து மதுரையில் காற்று ஒத்துக்கொள்ளாத மனுஷி ஒருத்தி இருக்கிறாளாம், நாம் நம்ப வேண்டுமாம். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எனக்கு எடுத்து வைக்கும் இட்லி காலையில் அவித்தது. அவர் சாப்பிடுவது முந்தின நாள் இட்லியை உதிர்த்துக் கிண்டிய உப்புமா. "ஏங்க்கா, உங்க வயிறு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டால், "வீட்டு ஆளுக்குப் பழசு போதும்டி" என்பார். அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த வார்த்தை அது. அந்த வீட்டில் பைபிள் வசனத்துக்கு அடுத்தபடியாக மனப்பாடம் செய்தது இதைத்தான் போலிருக்கிறது.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது நாகமலையைத் தாண்டி மேற்கே, வயலுக்கு நடுவில் கட்டிய ஒரு தனியார் பிசியோதெரபி கல்லூரியில். நான் ஜெயக்கொடி, அனாடமி எடுக்கிறேன். எலும்புக்குப் பெயர், சதைக்குப் பெயர், நரம்புக்குப் பெயர் என்று பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அக்கா பிசியாலஜி. அந்தச் சதை எப்படி வேலை செய்கிறது என்பது அவர் பாடம். நான் செக்கானூரணிப் பக்கத்துக் காட்டுக்காரி, என் பேச்சு வெடுக்கென்றுதான் இருக்கும். அக்கா பசுமலைக்காரர். அப்பா ஒரு ஆபீஸில் கிளார்க், அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அந்தக் காலத்து டீச்சரம்மா வீட்டுப் பெண்களுக்குக் குரல் உயராது, முதுகு வளையாது. அக்காவும் அப்படித்தான். யாரையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவர். மார்க் கொஞ்சத்தில் தவறிப்போனது. பிசியாலஜி படித்துவிட்டு, கல்யாணம் ஆகும்வரை ஒரு வருஷம் போய்வருகிறேன் என்றுதான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாராம். கல்யாணம் ஆனது, மகள் பெர்சி பிறந்து வளர்ந்து பெங்களூரில் வேலைக்கும் போய்விட்டாள், அக்காவுக்கு அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. கல்லூரி மாறினார், பிரின்சிபால்கள் மாறினார்கள், பாடப்புத்தகம் மாறியது. போர்டில் அதே சதையை வரைந்து அதே அம்புக்குறியைப் போட்டுக்கொண்டிருந்தார். "செக்குமாடு மாதிரி ஆகிப்போச்சு ஜெயா. கண்ணைக் கட்டுனாலும் சுத்தி வந்துருவேன்" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அந்த மெஷின் வந்தது. எங்கள் கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் சாமான்கள் வந்து இறங்கும், இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால் அட்டைப்பெட்டியோடு பீரோவுக்குப் போய்விடும். அப்படிப் போன ஒரு பெட்டியை அக்கா சாவி வாங்கித் திறந்தார். உள்ளே சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கருவி, அதிலிருந்து மூன்று வயர். வயர் முனையில் ஒட்டுவதற்கு வட்டமான பேட். இரண்டு பேட்டைச் சதையின் மேல் ஒட்ட வேண்டும். மூன்றாவது எர்த் பேட், அதை எலும்பு தட்டுப்படும் இடத்தில் ஒட்ட வேண்டும். கருவியை லேப்டாப்பில் செருகினால், சதை முறுக்கும் அந்த நொடியிலேயே அதற்குள் ஓடும் மின்சாரம் திரையில் அலையாக எழும்பும். சதை தளர்ந்தால் கோடு படுத்துவிடும்.

முதல்நாள் ஒரு பையன் கையில் ஒட்டி மடக்கச் சொன்னபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. அத்தனை வருஷமாகப் போர்டில் அம்புக்குறியாகக் கிடந்தது அவர்கள் கண்ணெதிரே துள்ளியது. "மேம், எனக்கு! மேம், எனக்கு ஒட்டுங்க!" என்று ஒரே சத்தம். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் கை வரைக்கும் வழிந்திருக்கும் பிள்ளைகள், பேட் எங்கே ஒட்டும்? அக்கா ஒவ்வொரு கையாக ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து ஒட்டினார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் வேலைக்கு முதல்நாள் வந்தவளின் களையைப் பார்த்தேன்.

அவர் செய்து காட்டுவதில் எனக்கு ஒன்று மறக்காது. அதற்கு நான்தான் ஆள். என் கையில் பேட்டை ஒட்டி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, கையை நீட்டிப் பிடிக்கச் சொல்வார். நான் பிடித்துக்கொண்டே நிற்பேன். வகுப்புக்குப் பார்த்தால் கை அசையாமல் அப்படியே இருக்கும். ஆனால் திரையில் அலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போகும்.

"பாத்தீங்களா? மேடத்தோட கை சோர்ந்துபோச்சு. சோர்ந்தா அலை சின்னதாகும்னுதானே நெனச்சீங்க? பெருசாகுது பாருங்க. அதே பாட்டிலைப் பிடிக்க உள்ள இன்னும் நெறையச் சதை நார்களைக் கூப்பிடுது. வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள அம்புட்டு வேலை நடக்கும்."

அக்காவுக்கே ஒரு பேட் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதெல்லாம் தோன்றும்.

ஏனென்றால் வீட்டில் பெனடிக்ட் அண்ணன் இருந்தார். அக்காவின் கணவர். நகரத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். அக்கா சி.எஸ்.ஐ., அவர் ரோமன் கத்தோலிக்கர். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்களாம். "ரெண்டு கோயில் மணியும் அடிச்சுத்தான் இவளைக் கட்டிக்கிட்டேன்" என்பார் அண்ணன். ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருப்பார். விசில் ஊதினால் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிற வண்டிகூடத் திரும்பிப் பார்க்கும் என்று அக்காவே கேலி செய்வார். அந்த மனுஷன் பள்ளிக்கூட விளையாட்டு விழா ஒத்திகையில், பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, வாயில் விசிலோடு தரையில் சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது.

குழறிப்போன பேச்சு திரும்பியது. கால் ஓரளவுக்குத் திரும்பி, கம்பு ஊன்றி நடக்கிறார். கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போய்விட்டன. விரிக்க முடியாது. அக்கா விடியுமுன் எழுந்து அந்தக் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து நீவிவிடுவார். பிறகு சமையல், அண்ணனுக்குக் குளியல், பார்த்துக்கொள்ள வரும் ரெங்கம்மாளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வது, ஓடிவந்து பஸ். சாயங்காலம் போய் மறுபடி அதே கை. வேளாங்கண்ணி எண்ணெயை அண்ணனின் அக்கா கொண்டுவந்து கொடுத்தார். சர்ச்சில் பெண்கள் சங்கம் கூடி ஜெபம் செய்தது. நான் பாண்டி கோயில் விபூதி கொண்டுபோனேன். யாருடைய சாமியும் மனசு வைக்கவில்லை.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தக் கைக்கு டெஸ்ட் எடுத்தார்கள். எங்கள் மெஷின் மாதிரிதான், ஆனால் பெரியது. கையை விரிக்கும் சதையில் ஒன்றுமே வரவில்லை, கோடு படுத்தே கிடந்தது. "இனி எதிர்பார்க்காதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா மறுநாளும் வகுப்புக்கு வந்தார். மறுநாளும் அதிகாலையில் எழுந்து நீவிவிட்டுத்தான் வந்தார்.

எனக்கு ஆறவில்லை. "நம்ம மெஷின்லயே ஒருக்கா வச்சுப் பாப்பமேக்கா" என்று பஸ்ஸில் கேட்டேன்.

அக்கா, "வேணாம்டி. அவுங்க பாத்தது போதும். அது அவுங்க சொன்னது. நானே என் கண்ணால அந்தக் கோட்டைப் பாத்துட்டேன்னா, அப்புறம் காலையில எந்திரிச்சு அந்தக் கையைப் பிடிக்க எனக்கு மனசு வராது" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அந்தக் கையில் உயிர் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் அக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவருக்குத் தெம்பில்லை.

சித்திரைத் திருவிழா முடிந்து வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள். ரெங்கம்மாள் அவள் ஊரில் கோயில் கொடை என்று போய்விட்டாள். அண்ணனைத் தனியாக விட முடியாது, அக்காவுக்கு லீவும் மிச்சமில்லை. டிரைவர் அழகுபாண்டியிடம் சொல்லி, அண்ணனைக் காலேஜ் பஸ்ஸிலேயே ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். லேபில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தோம். அண்ணனுக்குப் பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று அவர் ஒரு வகுப்பைப் பார்த்து! "ஏய், நெஞ்சை நிமித்தி உக்காருங்கப்பா, என்ன கூனிக்கிட்டு" என்று அதட்டினார். பிள்ளைகளுக்கும் பிடித்துப்போயிற்று.

அன்றைக்குப் பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஜெனரேட்டர் ஆபீஸுக்கு மட்டும்தான், பிள்ளைகளுக்கு வியர்த்தால் வியர்க்கட்டும். லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் அதைச் சுற்றி எல்லோரும் கூடி நின்றார்கள். அக்கா ஒருத்திக்கு ஒட்டிக் காட்டினார், இன்னொருவனுக்கு ஒட்டிக் காட்டினார். எனக்கு அந்த நேரம் வகுப்பு இல்லை. நானும் விசிறிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

பவதாரிணி என்று ஒரு பெண். நல்ல பிள்ளை, ஆனால் நினைத்ததை உடனே கேட்டுவிடும். "மேம், நல்லா இருக்கிற கையையே பாக்குறோமே, சார் கையில வச்சுப் பாக்கலாமா?"

எனக்கு அவள் வாயில் ஒன்று போடலாம் போலிருந்தது. அக்கா முகம் செத்துவிட்டது. "வேணாம்மா, சார் களைச்சுப் போயிருக்கார்" என்றார்.

"நான் எங்க களைச்சேன்? உக்காந்துதானே கெடக்கேன்" என்றார் அண்ணன். "பிள்ளைக கேக்குதுகள்ல. படிக்கிறதுக்குத்தானே. வையி ஐரின்."

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தப்பிக்க வழியில்லை. மேஜைப் பக்கம் போனார். புதுப் பேட் பாக்கெட் ஒன்றுதான் மிச்சம். அடுத்த வாரம் பிராக்டிகல் பரீட்சை. ஆபீஸில் கேட்டால் போன தடவை கொடுத்தோமே என்பார்கள். ஒருதடவை ஒட்டிவிட்டுத் தூக்கிப்போட வேண்டிய பேட்டை ஜெல் தடவித் தடவி நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம். அக்கா புதுப் பாக்கெட்டைத் தொட்டார், விட்டுவிட்டார். தட்டில் கிடந்த பழைய பேட் மூன்றை எடுத்தார்.

"புதுசைப் பிரிங்கக்கா" என்றேன்.

"பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு வேணும்டி. இவருக்கு இது போதும்."

வீட்டு ஆளுக்குப் பழசு! பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு பேட்டுக்கு ஜெல் தடவி அண்ணனின் முன்னங்கையின் மேல்பக்கம் ஒட்டினார். முழங்கை எலும்புக்கான எர்த் பேட் காய்ந்துபோய் ஒட்டவே இல்லை. பிளாஸ்திரியைக் குறுக்கே போட்டு அழுத்திவிட்டார்.

திரையில் கோடு படுத்துக் கிடந்தது.

"கையை விரிங்கங்க" என்றார் அக்கா. மறுபடி சொன்னார். "விரிங்க. நல்லா விரிங்க."

அலை எழும்பியது. கொஞ்சநஞ்சமில்லை, திரையை நிறைத்துக்கொண்டு எழும்பியது. அதே நேரம் கரண்டும் வந்து, தலைக்கு மேலே ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஃபேனை யார் கவனித்தார்கள்? கைதட்டல், விசில். பவதாரிணி செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு அழுகிறார். நானும் அழுதேன், மறைப்பானேன். என் பாண்டி முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டுவதாக நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டேன்.

"போதும், விடுங்க. ரெஸ்ட் எடுங்க" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அலை இறங்கவில்லை.

"விடுங்கங்க. கையைத் தளர்த்துங்க."

அண்ணன் திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. திருடு பிடிபட்ட பையன் மாதிரி இருந்தது.

"நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே ஐரின்" என்றார்.

சத்தம் மெல்ல அடங்கியது. அக்கா அசையாமல் நின்று திரையைப் பார்த்தார். இப்போது எனக்கே தெரிந்தது. சதையின் அலை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தாறுமாறாக இருக்கும். இது சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக இருந்தது. அக்கா தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். முழங்கையைத் தொட்டார். பிளாஸ்திரி வியர்வையில் நழுவி, காய்ந்த பேட் அப்பளம் மாதிரி விளிம்பைத் தூக்கிக்கொண்டு நின்றது. கரண்ட் வந்ததும் ஏறட்டும் என்று முன்பே செருகிவிட்டிருந்த லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

கோடு படுத்துவிட்டது.

"எல்லாரும் பாத்தீங்கள்ல" என்றார் அக்கா. பாடம் எடுக்கும் அதே குரல். "அது சார் கையில இருந்து வரல. சுவத்துல இருந்து வந்த கரண்ட். எர்த் பேட் சரியா ஒட்டலைன்னா இப்படித்தான் வரும். ஒங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நானே பாக்காம விட்டுட்டேன். போங்க, சாப்பிடப் போங்க."

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். பவதாரிணி மட்டும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றாள். "வீடியோவை அழிச்சிரு தாயி. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல" என்று நான்தான் அவளை வெளியே கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது அக்கா அண்ணனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் பண்ணலைன்னா? நான் விரிங்கன்னு சொன்னப்ப?"

"சும்மாதான் இருந்தேன்."

"ஏன்?"

அண்ணன் இடது கையால் வலது கையை மூடிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்தப்ப?"

"அங்கயும்தான்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னார். "மொதல்ல ஒருநாள் விரல் லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒன்கிட்ட சொன்னேன். அன்னையில இருந்து நீ கோழி கூப்பிட எந்திரிக்க ஆரம்பிச்ச. எண்ணெய், கட்டு, டாக்டரு, ஜெபம். சோறு திங்க நேரமில்ல ஒனக்கு. ஒருநாள் அடுப்புல பாலை வச்சுட்டு நின்னமேனிக்குத் தூங்கிட்ட. பால் பொங்கிக் கையெல்லாம் ஊத்திக்கிச்சு. என்னால எந்திரிச்சு வந்து ஒரு துணியைக்கூட நனைச்சுத் தர முடியல. அன்னைக்குத்தான் நெனச்சேன். இந்தக் கை செத்துப்போச்சுன்னு ஆயிட்டா நீ விட்ருவ. விட்டா கொஞ்சமாச்சும் தூங்குவ. அதான் முயற்சி பண்றதை விட்டுட்டேன்."

"அறிவிருக்கா ஒங்களுக்கு?"

அக்கா கத்திய கத்தலில் தட்டிலிருந்த கத்திரிக்கோல் கீழே விழுந்தது. இல்லை, அவர் மேஜையில் அடித்ததில் விழுந்திருக்கும். "நான் விட்டனா? பாத்தீங்கள்ல, விட்டனா? செத்த கைன்னு சொன்னதுக்கப்புறமும் தெனம் எந்திரிச்சு நீவிக்கிட்டுத்தானே இருந்தேன்? உசுரில்லாத கைன்னு நெனச்சுக்கிட்டே ஒரு கையைப் பிடிக்கிறது எம்புட்டுப் பாரம்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"நீ விட்ருவன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன் மறுபடியும். அவ்வளவு பெரிய ஆள் நாற்காலியில் ஒடுங்கிப்போயிருந்தார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நல்லா வாய்ச்சீங்க ரெண்டு பேரும்! ஒருத்தருக்கு ஒருத்தர் நல்லது பண்றேன்னு ஒருத்தரை ஒருத்தர் கொன்னுக்கிட்டு இருக்கீங்க" என்று திட்டிக்கொண்டே புதுப் பேட் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தேன்.

"ஜெயா, அது பரீட்சைக்கு..."

"பரீட்சை நாசமாப் போகட்டும். அண்ணே, கையைக் காட்டுங்க."

நான் துடைத்தேன், அக்கா ஒட்டினார். மூன்றும் புதுசு. ஃபேனை நிறுத்தினேன். கோடு சுத்தமாகப் படுத்திருந்தது. மூன்று பேருக்கும் வியர்வை கண்ணில் இறங்கியது.

"விரிங்க" என்றார் அக்கா.

ஒன்றும் வரவில்லை.

"விரிங்க."

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை நாற்காலியைப் பிடித்து நசுக்கியது. ஒன்றும் வரவில்லை. எத்தனை மாதமாகக் கூப்பிடாத ஆளைக் கூப்பிடுகிறார், உடனே வருமா?

"போதும் ஐரின்" என்றார்.

"இன்னும் ஒருக்கா. எனக்காகச் சும்மா இருந்தீங்கள்ல, எனக்காக ஒருக்கா விரிங்க."

கோட்டில் முடி சிலிர்த்த மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, தாறுமாறாக. நான் சுவரைப் பார்த்தேன். சார்ஜர் பிடுங்கித்தான் கிடந்தது.

"விடுங்க" என்றார் அக்கா. போய்விட்டது. "விரிங்க." வந்தது. "விடுங்க." போனது. அண்ணனின் விரல்கள் கடுகளவும் அசையவில்லை, மடங்கியபடியேதான் இருந்தன. ஆனால் கோட்டில் அது வந்தது, சொன்னால் வந்தது, சொன்னால் போனது.

அக்கா முன்பு போல ஸ்தோத்திரம் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஐயோ ஆண்டவரே, இனி முதல்ல இருந்தா" என்று மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அண்ணன் இடது கையை நீட்டி, எட்டி, அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். நான் வயர்களைச் சுருட்டினேன். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் அக்காவை ஜன்னலோரமாகத் தள்ளினேன். "காத்து..." என்று ஆரம்பித்தார். "இன்னைக்கு ஒத்துக்கும். பேசாம உக்காருங்க" என்றேன். நாகமலையைத் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அண்ணன் நடைவழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் இருந்தார்.

நான் இப்போது குடியிருப்பது வண்டியூரில். கோரிப்பாளையத்தில் இறங்கித்தான் வேறு பஸ் பிடிக்க வேண்டும். கோரிப்பாளையம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"ஜெயா, ஒன் ஸ்டாப்பு" என்றார் அண்ணன்.

"தெரியும்ணே."

அவர் வலது கையை மடியில் எடுத்து வைத்திருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. நெற்றியில் வியர்த்திருந்தது.

"என்னண்ணே, ஜெபமா?"

"இல்லம்மா. விரி, விடு. விரி, விடு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெதுவாப் பேசு. முழிச்சா, நான் நீவிவிடுறேன்னு கெளம்பிருவா. அவ தூங்கட்டும். அதுக்குள்ள நான் கொஞ்சம் பண்ணிக்கிறேன்."

அக்கா வீட்டு ஸ்டாப்பான தல்லாகுளம் வந்து பஸ் நின்றது. இறங்கவில்லையா என்று அழகுபாண்டி திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.